ஏறக்கூடாத எண்ணெய்

சுசீலாபாய் காரின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்து மறுபடி இறக்கி எடுத்துப் பார்த்தாள். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

வேறு காராக இருந்தால் யாரோ கூடுதலாக ஊற்றிவிட்டார்கள் என்று விட்டிருப்பாள். இது அவள் கணவர் பொன்னையா குவைத்திலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த ஜப்பான் வண்டி. என்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் உள்ளே சுழலும். அது தேயாமலிருக்கப் பெட்ரோலோடு கொஞ்சம் எண்ணெயையும் என்ஜினே எடுத்து எரித்துக்கொள்ளும். அதனால் எண்ணெய் குறைந்துகொண்டே வரவேண்டும். குறையாமல் நின்றாலே சந்தேகம்தான், இதுவோ ஏறியிருந்தது.

கம்பியை மூக்கருகே கொண்டுபோனாள். பெட்ரோல் வாடை.

"சொரிமுத்து, இதுல ஏதாவது ஊத்தினியா?"

"இல்லம்மா. ஆயில் டின்னு சாருக்க அலமாரியிலல்லா இருக்கு." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர், கையை நிறுத்தாமலே பதில் சொன்னான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சாலை பஜார் கடைகளிலிருந்து வரும் தேங்காய் எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்று பரிசோதனைக்கூடத்தில் பார்ப்பதுதான் அவள் வேலை. மறுநாள் என்ஜின் எண்ணெயை ஒரு குப்பியில் எடுத்துப்போய்க் கண்ணாடிக் குடுவையில் மெல்லச் சூடாக்கினாள். தண்ணீர் கொதிக்கும் சூடு வருமுன்பே குளிர்குழாயின் முனையில் நிறமற்ற சொட்டுகள் விழத் தொடங்கின. மண்ணெண்ணெய் என்றால் இன்னும் சூடு வேண்டும். பெட்ரோலேதான். கலப்படம் என்று ஒன்று இருந்தால் கலந்தவன் ஒருவன் இருப்பான். அவள் இதுவரை சோதித்த எண்ணெய்களெல்லாம் அப்படித்தான்.

கிள்ளிப்பாலத்தில் பட்டறை வைத்திருந்த லிங்கம் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தார்.

"இது ஒழுகல்ல, சேச்சி. பெட்ரோலை யாரும் ஆயில்ல ஊத்தவும் மாட்டான். களவாணி எடுத்து விப்பானே தவிர உள்ள விடுவானா?"

"பின்னே எப்படி வந்துது?"

"பெட்ரோலைக் கூட்டி விடுத சோக்கை இழுத்துவச்சு, நின்ன எடத்திலேயே ஓடவிட்டாப் போரும். எரியாத பெட்ரோலு கசிஞ்சு ஆயிலுக்குள்ள எறங்கும். ஓடுத வண்டின்னா சூட்டுல ஆவியாப் போயிரும். இதை இப்படியே விட்டா ஆயிலு தண்ணியாயி பேரிங்கு போயிரும் கேட்டீளா."

அவளுக்கு எல்லாம் பொருந்திவந்தது. பகல் முழுவதும் வண்டி பரிசோதனைக்கூடத்து வாசலில்தான் நிற்கும். வண்டியில் ஏ.சி. உண்டு. வாட்ச்மேனிடம் சொரிமுத்துவைப் பற்றிக் கேட்டபோது, "சிலப்போ வண்டிக்க அகத்து கிடந்து உறங்கும்" என்றான். அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் வைத்தே, ஏ.சி. போட்டுத் தூங்க என்ஜினை ஓடவிட்டுக் கெடுத்துவிட்டாய், இனி வேலைக்கு வராதே என்று சொரிமுத்துவிடம் சொன்னாள். அவன் கடைசிவரை நின்று கேட்டான்.

"கதவைத் தெறந்து போட்டுட்டு உறங்கியிருக்கேன். எஞ்சினைத் தொட்டதில்லம்மா."

"என் கண்ணால பாத்தது பெட்ரோல்."

"அது சரி. என்னைப் பாத்தீங்களா?"

அவன் சாவியைப் பானெட்டின்மேல் வைத்துவிட்டுப் போனான். பொன்னையா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

லிங்கம் புது எண்ணெய் மாற்றிக் கொடுத்தார். வண்டி ஷெட்டிலேயே நின்றது. சாவி அவள் கைப்பையில். அவள் வீடு இருந்த கரமனையிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். அடுத்த வாரம் கம்பியை எடுத்துப் பார்த்தாள். எண்ணெய் மறுபடி ஏறியிருந்தது. கிலோமீட்டர் எண்கள் மாறவில்லை. பெட்ரோல் முள் மட்டும் இறங்கியிருந்தது.

சொரிமுத்து கள்ளச் சாவி போட்டு வைத்திருக்கிறான் என்று முதலில் நினைத்தாள். பழைய எண்ணெயைச் சரியாக மாற்றாமல் லிங்கம் ஏமாற்றுகிறாரோ என்றும் தோன்றியது. வீட்டுக்குப் பால் கொண்டுவரும் தாசம்மாளைக்கூட அன்று உற்றுப் பார்த்தாள். ஒருவரைப் பற்றி மட்டும் யோசிக்கவேயில்லை.

அரைநாள் லீவு போட்டு, சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள். தெருமுனையிலேயே கேட்டது, மற்ற வண்டிகளுக்கு இல்லாத அந்த மெல்லிய, விடாத இரைச்சல். ஷெட்டுக்குள் பொன்னையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சோக் முழுவதும் வெளியே இழுத்திருந்தது. தொலைந்துபோனதாக அவர் முன்பு சொல்லியிருந்த இரண்டாவது சாவி வண்டியில் செருகியிருந்தது.

அவளைப் பார்த்ததும் என்ஜினை அணைத்தார்.

குவைத்தில் வேலையிடத்தில் அவருக்கு வலிப்பு வந்து, வேலை போய், ஊர் திரும்பியிருந்தார். இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெளியே யாருக்கும் அது தெரியாது.

"ஓட்டல்லியே. சத்தம் மட்டும் கேட்டுட்டு இருப்பேன்," என்றார். "சோக்கை உள்ள தள்ளுனா நின்னு போவுது."

"சொரிமுத்து போனப்போ நீங்க வாசல்ல நின்னீங்க."

"நின்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லல்ல."

"சொன்னா நீ இந்தச் சாவியையும் வாங்கிருவேன்னு தோணிச்சு."

அவளுக்குக் கோபம் வந்தது. அதில் பாதி தன்மேல் என்பது அவளுக்கே தெரிந்தது. எண்ணெயில் பெட்ரோல் இருந்ததைத்தான் அவள் நிரூபித்திருந்தாள். கை யாருடையது என்பதை நிரூபித்ததாக அவளாகவே எண்ணிக்கொண்டிருந்தாள்.

சொரிமுத்து விழிஞ்ஞத்தில் ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். இருவரும் பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள். நடந்ததைச் சுசீலாபாய் சொல்ல, அவன் ஐஸ் கட்டிகளின் மேல் உமியைப் பரப்பியபடியே கேட்டான்.

"தெரியாமப் பேசிட்டேன். திரும்ப வா," என்றாள்.

"வேண்டாம்மா. இனி ஒரு முள்ளு அசைஞ்சாலும் என்னைத்தான் பாப்பீங்க." பிறகு பொன்னையாவைப் பார்த்தான். "கரமனை கார் ஸ்டாண்டுல எஞ்சினைக் கெடுத்தவன்னு பேராயிப்போச்சு. யாரும் கார் ஓட்டத் தரமாட்டான். சாரு அங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன சொல்லணும்?" என்றார் பொன்னையா.

"நடந்ததை."

சுசீலாபாய் கணவரின் முகத்தைப் பார்த்தாள். மறுப்பார் என்றுதான் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டாண்டில் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னையா நடுவில் போய் நின்றார். "எனக்கு வலிப்பு உண்டு. ஓட்டக்கூடாது," என்று தொடங்கினார். ஷெட்டில் உட்கார்ந்ததையும், சோக்கை இழுத்ததையும், வாசலில் வாய்மூடி நின்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "சொரிமுத்து அந்த எஞ்சினைத் தொடல்ல."

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் இருந்த ஒருவர் நகர்ந்து இடம்விட்டார். பொன்னையா உட்கார்ந்தார். சொரிமுத்து கடைக்காரரிடம் போய் இன்னொரு டீ சொல்லிவிட்டு வந்தான்.