எந்த செல்லை?

சின்னவள் வளர்த்தது நாயுமில்லை, பூனையுமில்லை. ஆய்வுக்கூடத்துச் சூட்டுப்பெட்டியில் தட்டுத் தட்டாகச் செல்கள். "என் பிள்ளைங்க" என்பாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி மாற்றுவாள். பிறகு அந்தப் பிள்ளைகள் தலையிலேயே பெராக்சைடை ஊற்றுவாள். உள்ளே ஆக்சிஜனே நஞ்சாகி அவற்றைக் கொல்லும். எத்தனை செத்தன என்று எண்ணுவாள். நல்ல தாய்!

ஒரு கசப்பு இலையின் சாற்றைக் கலந்த அன்று நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்துக்கொண்டன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கோ கல்லீரலில் புற்றுக்கட்டி. மருந்து ஏற்றி ஏற்றி எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். சின்னவளைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பிறகு சும்மா இருப்பாளா? யாரையும் கேட்காமல் சாற்றைப் புட்டியில் அடைத்துக்கொண்டு ஓடினாள்.

"குடிக்கா. செல்லை அப்படியே காப்பாத்தும்."

"உன் பிள்ளைங்க குடிச்ச மிச்சமாடி?" என்று அக்கா சிரித்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம், ஒரு வேளைகூட விடாமல் குடித்தாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு மருந்து ஏத்தியும் கட்டி ரெண்டு மடங்காயிருக்கு. வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

கட்டி பெருத்த கவலையிலும் அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் தங்கச்சி கண்டுபிடிச்சது டாக்டர். செல்லைக் காப்பாத்தும்."

"எந்த செல்லை?" டாக்டர் சின்னவளைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடம்பிலிருந்து எடுத்த நல்ல செல் தட்டில் ரொம்ப நாள் தாங்காது. சாகாமல் பெருகும் என்றுதான் கட்டியிலிருந்து எடுத்த செல்லை வளர்ப்பார்கள். அவளுடைய பிள்ளைகளும் யாரோ ஒருவனுடைய கல்லீரல் கட்டிதான். ஒவ்வொரு தட்டிலும் லேபிள் எழுதி ஒட்டியவளே அவள்தான். செல், செல் என்று சொல்லிச் சொல்லிக் கட்டி என்பதே மறந்துபோயிருந்தது. டாக்டர் ஏற்றிய மருந்தும் அதே ஆக்சிஜன் நஞ்சால்தான் கட்டியைக் கொல்லும். பாவி, கொல்லவிடாமல் மூன்று மாதம் காவல் காத்திருக்கிறாள்.

வராந்தாவில் அக்கா அவளை விடவில்லை. "எந்த செல்லைன்னாரே, என்னடி அது?"

சின்னவள் ஒன்றையும் மறைக்காமல் அழுதுகொண்டே சொன்னாள். அக்கா அழவில்லை. கைப்பையிலிருந்த புட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"கொண்டுபோய் உன் பிள்ளைங்களுக்கே ஊத்து. நான் சாகிற வரைக்கும் என் கண்ணுல படாத."

மறுநாள் தீனி மாற்றும் நாள். சின்னவள் பெட்டியைத் திறந்தாள். பிள்ளைகள் தட்டு நிறையப் பெருகியிருந்தன.