முட்டை மிதந்த ஞாயிறு

எங்கள் ஆய்வுக் குழுவில் யார் கறார் என்று கேட்டால் எல்லோரும் என்னைத்தான் கை காட்டுவார்கள். மெஹ்ஜபீன் சரிபார்த்த வீடியோவில் ஒரு குறை இருக்காது என்பார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

பெற்றோரும் பிள்ளைகளும் வீட்டிலேயே விளையாடி அறிவியல் கற்க ஒரு பெட்டி தயாரித்திருந்தோம். வாரத்துக்கு ஓர் உறை. முதல் உறை, முட்டை தண்ணீரில் மூழ்குமா, மிதக்குமா? மூழ்கும். ஏன் என்று வீட்டில் பேச வேண்டும். இரண்டாவது உறையில் உப்பு. அதை மறுவாரம்தான் பிரிக்க வேண்டும். அவர்கள் விளையாடுவதைக் கேமரா பிடிக்கும். யார் கேட்டார்கள், யார் சிரித்தார்கள் என்று நிமிடவாரியாக ஒரு தாளில் குறிப்பது என் வேலை.

காரிமங்கலம் பக்கத்தில் மாரப்பன் வீடு. பெங்களூரில் கட்டட வேலை, ஞாயிறு மட்டும் ஊருக்கு வருவார். மகள் பூவிழிக்கு ஏழு வயது. அன்று முட்டை டம்ளரின் அடியில் போய் உட்கார்ந்தது. அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று அவள் சமையலறைக்கு ஓடினாள். அந்த நேரத்தில் மனிதர் இரண்டாவது உறையைக் கிழித்தார், உப்பைக் கொட்டிக் கலக்கினார், கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தார். பூவிழி அம்மாவை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தால் முட்டை மிதக்கிறது!

"எப்படிப்பா?"

"அடுத்த வாரம் வந்து சொல்றேன் கண்ணு."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் டம்ளரே கவிழ்ந்தது.

வீடியோவைப் பார்த்த எனக்குக் கோபம் தலைக்கேறியது. விதி என்று ஒன்று எதற்கு இருக்கிறது? தாளின் அடியில் சிவப்பு மையில் 'செல்லாது' என்று எழுதினேன். பயன்படாத வீடியோவை ஒரு வாரத்துக்குள் அழித்துவிட வேண்டும். நான் அன்று மாலையே அழித்தேன். மறுநாள் ஆள் அனுப்பிப் பெட்டியையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை மாரப்பன் பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி சசிகலா, பூவிழியைக் கூட்டிக்கொண்டு தருமபுரியில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"போட்டோ இருக்குதுங்க மேடம். அவரு பேசறது, சிரிக்கறது ஒண்ணுமே எங்க வூட்ல இல்லீங்க. அன்னிக்கு எடுத்தீங்கல்ல, அத ஒரு தடவ காட்டுனீங்கன்னா போதும்."

"அழிச்சிட்டேங்க அக்கா," என்றேன். அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் அழவில்லை. "எதுவுமே இல்லீங்களா?"

தாள் இருந்தது. எடுத்து வாசித்தேன். "பத்து பன்னெண்டு, அப்பா சிரிக்கிறார். பத்து பதிமூணு, மகள் கேட்கிறாள், அப்பா சிரிக்கிறார். பத்து பதினாலு, மூவரும் சிரிக்கிறார்கள்." என் குரல்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. ஆனால் சசிகலா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொரு தடவ படிங்க," என்றார். படித்தேன்.

"முட்ட எப்படிங்க மெதந்துச்சு?" என்றார் பிறகு. "எனக்கும் அவரு சொல்லலீங்க. இவ தெனமும் தண்ணில போட்டுப் பாக்கறா. முழுவிப் போயிடுது."

அப்பா உப்பைக் கலக்கிய வரியும் தாளில் இருந்தது. உப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். பூவிழி எட்டி வந்து என் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

"நீங்க சொல்லாதீங்க. எங்கப்பா சொல்றேன்னு சொல்லியிருக்காரு."

அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். சசிகலா தாளை எட்டிப் பார்த்தார். சிவப்பு எழுத்தை மெல்லக் கூட்டிப் படித்தார்.

"செல்லாதுன்னு போட்டிருக்குதே. எதுங்க மேடம் செல்லாது?"