இரண்டாவது அறிவித்தல்

“ஜனாப் எண்டது கட்டாயம் வரவேணும், மோதினார். பேரையும் முழுசாச் சொல்லுங்க. முஹம்மது தம்பி அபூதாஹிர், துறைமுகத்தில முன்னாள் களஞ்சியப் பொறுப்பாளர்” என்று ஷிஃபானா கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். சேலை கட்டிய மறைப்புக்கு அப்பால், கிணற்றடியில், அவளுடைய வாப்பாவைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் கதிரையில் அமர்ந்து நெஞ்சைப் பிடித்தார், அவ்வளவுதான். பின்னேர அஸர் தொழுகையோடு அடக்கம் என்று முடிவாகியிருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் ஸெய்னுதீன் எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டினார். அவள் இரண்டு இடத்தில் திருத்தினாள். கந்தோரில் கடிதங்கள் எழுதுகிற வேலை செய்கிறவள். வாப்பா மௌத்தான அன்றைக்கும் வாசகம் பிசகக் கூடாது அவளுக்கு என்று, துக்கம் விசாரிக்க வந்த தெரு தனக்குள் சொல்லிக்கொண்டது.

குளிப்பாட்டிவிட்டு ஈரச் சாரத்தோடு வந்த அவளுடைய கணவன் அஸாம், எல்லாம் சரி, குதிகால் வெடிப்புக்குள் இருந்த சுண்ணாம்பு மட்டும் போகவில்லை என்றான். “தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தம். விட்டுட்டம்.”

அந்தச் சுண்ணாம்பு எங்கள் தெருவுக்கு நன்றாகப் பழகியது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்து முனையில், யுத்தத்தில் விளக்கும் போய், பற்றைக்காடும் மூடி, கேட்பாரில்லாமல் நின்ற வெளிச்சவீட்டை, பென்சன் எடுத்த கையோடு அபூதாஹிர் தத்தெடுத்துக்கொண்டார். தத்தெடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் படகேறுவார். ஆள் சேர்ப்பார், பாசி சுரண்டுவார், உப்புக் கழுவுவார், வெடிப்பு அடைப்பார், வெள்ளை அடிப்பார். மாரி வந்து அத்தனையையும் கறுப்பாக்கிவிட்டுப் போகும். மறுபடி வாளியைத் தூக்குவார். விளக்கே இல்லாத வெளிச்சவீட்டுக்கு வெள்ளை எதற்கு என்று கேட்டால், பகலில் அது வெள்ளையாக நின்றாலே போதும், கடலில் நிற்கிறவன் கரையைக் கண்டுகொள்வான் என்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, அவர் சந்தி திரும்பும்வரை காத்திருந்து சிரிப்பார்கள். சிரிக்கக் காரணமும் இருந்தது. எங்கள் தெருவில் பாசி பிடித்த ஒரே மதில் அவர் வீட்டினுடையது.

‘சுண்ணாம்பர்’ என்ற பெயரை வைத்தது யாரென்று தெரியாது. தெரியும், சொன்னால் சண்டை வரும். குஷி கூடினால், பைத்தியம் என்று, முன்னுக்கு ‘விசர்’ சேர்த்தும் சொல்வார்கள். அவர் மனம் கோணமாட்டார். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, என்ன விசயம் என்று கேட்பார். கோணியது மகளுக்கு. பள்ளிக்கூடத்தில் அவளுடைய மேசையில் சுண்ணாம்பு பூசி வைத்தார்கள். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் மாமி, “ஆ, சுண்ணாம்பரிட மகளா?” என்று சிரித்ததில் அந்தச் சம்பந்தம் தேத்தண்ணியோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவளுடைய வாயில் வந்ததில்லை. அவளுக்கு முன்னால் மற்றவர்கள் வாயிலும் வந்ததில்லை. போகிற நாளிலாவது வாப்பாவின் சரியான பெயர் ஊர் முழுக்கக் கேட்கவேண்டும் என்பதே அன்று காலை அவளுக்கு இருந்த ஒரே எண்ணம்.

பள்ளி ஒலிபெருக்கி அந்தப் பெயரை ஒரு பிசகும் இல்லாமல் சொன்னது. அதே வாசகம் வட்ஸ்அப்பிலும் போனது.

நடுப்பகல் லுஹர் தொழுகையும் முடிந்தது. சொந்தக்காரர் வந்தார்கள். அயலவர் வந்தார்கள், நாங்கள் எதற்கும் வருகிறவர்கள்தான். ஆனால் வாசலில் வாடகைக்கு எடுத்துப் போட்ட பிளாஸ்டிக் கதிரைகளில் முன்வரிசைக்குப் பின்னால் வெயில்தான் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அசனா மாமி குசினிக்குள் வந்து, கோப்பை கழுவுகிற சாட்டில் குரலைத் தாழ்த்தினாள்.

“என்ன புள்ள, வாப்பாட வெளிச்சவீட்டு ஆக்கள் ஒருத்தரையும் காணல்ல? அவ்வளவு பெரிய சங்கம் எண்டாங்க.”

வருவாங்க மாமி என்று ஷிஃபானா சொன்னாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஒரு கணம், மறைக்காமல் சொன்னால், திருப்தியாகக்கூட இருந்தது. பார்த்தீங்களா வாப்பா, பார்த்தீங்களா உங்கட ஆக்கள என்று வெள்ளைத் துணியில் கிடந்தவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அடுத்த கணம் அந்த வெறுங்கதிரைகளைப் பார்க்க ஏலாமல் போனது. உம்மா உயிரோடு இருந்தவரை சனிக்கிழமை விடிய எழும்பி அந்தச் சங்கத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். தின்றவர்களில் ஒருவருக்காவது இன்று வழி தெரியவில்லையா. இந்த மனிதர் தன் மதிலை விட்டு, மகளை விட்டு, யாருக்காகக் கடல் தாண்டிப் போய் வாளி சுமந்தார்?

அலுமாரிக்கு மேலே வாப்பாவின் பட்டன் போன் அடித்தது.

“சுண்ணாம்பர் நிக்கிறாரோ? நான் ட்ரக்டர் கதைக்கிறன், பிள்ளை. தம்பலகாமத்தில இருந்து.”

பின்னால் ஒரு எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

“உங்கட தெருவில ஆரோ அபூதாஹிர் எண்டு ஒருத்தர் மோசம் போயிட்டாராம், போனில வந்தது. துறைமுகத்தில வேலை செய்தவராம், பாவம். சுண்ணாம்பர் இப்ப அங்கதான் ஓடித்திரிவார், எனக்குத் தெரியும். சனிக்கிழமை வேலையை வைப்பமோ விடுவமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான். செத்த வீட்டுக்கு முன்னால வாளியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுறது வடிவில்லைத்தானே.”

ஷிஃபானாவுக்கு அப்போதுதான் விளங்கியது. முனையில் யாருக்கும் பிறப்புப் பத்திரப் பெயர் கிடையாது என்பது தெருவின் பழைய பகிடி. மண் ஏற்றிவருகிற இராசதுரைக்குப் பெயர் ட்ரக்டர். கயிற்றில் தொங்கிப் பூசுகிறவர் வௌவால். சமைக்கிறவர் அண்டா. அவர்கள் எல்லோரும் அந்தச் செய்தியை வாசித்து, யாரோ ஒரு பெரிய மனிதருக்காக ஒரு பெருமூச்சு விட்டு, தங்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது வேற ஆள் இல்ல, ஐயா” என்றாள். “வாப்பாதான்.”

எஞ்சின் சத்தம் நின்றது. பிறகு, “எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?” என்று மட்டும் கேட்டார்.

ஒருவருக்குச் சொல்லியாயிற்று. கடற்கரை முழுக்கப் பரந்து கிடக்கிற மற்றவர்களுக்கு யார் சொல்வது? அவள் மோதினாருக்குப் போன் எடுத்தாள். இன்னொரு தரம் அறிவிக்க வேண்டும் என்றாள். என்னவென்று அறிவிக்க என்று அவர் கேட்டார். அந்தச் சொல்லுக்கு அவளுடைய நாக்குப் பழகியிருக்கவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“சுண்ணாம்பர் எண்டு சொல்லுங்க.”

ஸெய்னுதீன் ஈரமில்லாத மனிதர் அல்ல. ஆனால் மார்க்கம் தெரிந்தவர்.

“மகள், பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுறத அல்லாஹ் தடுத்திருக்கான். மௌத்தான மனுசன பள்ளி மைக்கில அப்படிச் சொல்ல எனக்கு ஏலாது.”

“மனசு நோகிற பேரத்தானே தடுத்தது, மோதினார். வாப்பாக்கு அது நோகல்ல. எனக்குத்தான் நொந்தது.”

குசினியில் கோப்பை கழுவுகிற சத்தமும் நின்றிருந்தது. அசனா மாமி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள். ஒளித்துக் கேட்கிற பழக்கத்தைக்கூட மறந்திருந்தாள்.

“நாளைக்குப் பள்ளி நிர்வாகம் கேட்டா, நீங்க பொறுப்பா?” என்றார் மோதினார்.

“ஓம். நான் சொன்னனான் எண்டு சொல்லுங்க. மூதூர், கிண்ணியாப் பள்ளிகளுக்கும் அப்படியே சொல்லிவிடுங்க.”

சிறிது நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. முன்னர் அறிவிக்கப்பட்ட ஜனாஸா, முனை வெளிச்சவீட்டுச் சுண்ணாம்பர் என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவருடையது என்றது. அந்தச் சொல் வந்ததும் மோதினாரின் குரல் சற்றுத் தடுக்கியது; பிறகு அதையே இன்னொரு தரம், உரத்துச் சொன்னது. தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெயரை வைத்தவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

முதலில் கிண்ணியாக்காரர், பாலத்தால். ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் மீன் லொறியிலும் வந்தார்கள். தம்பலகாமத்து ட்ரக்டர் பெட்டி நிறைய ஆட்களை நிற்கவைத்துக்கொண்டு வந்தது. அவர்களுக்கு முழங்கால்வரை வயல் சேறு காயாமல் இருந்தது. சீனன்குடாவில் இருந்து வேலை உடுப்போடு வந்தார்கள். நேவிக்காரர் சிலர் சாதாரணச் சேட்டில், சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். துறைமுகப் பக்கம் படகு எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு ஓய்ந்தன. செதில் ஒட்டிய கைகளோடு மூதூர் ஆட்கள் ஏறி வந்தார்கள். கதிரை கிடந்தும் ஒருவரும் அமரவில்லை. யார் வருகிறார், என்ன உடுத்திருக்கிறார், எந்தக் கோபத்தில் யாரைப் பார்க்காமல் போகிறார் என்று ஒன்றையும் தவறவிடாத எங்கள் தெரு, வாயைத் திறக்காமல் மதிலோடு ஒதுங்கி அவர்களுக்கு இடம் விட்டது. எண்ணத் தொடங்கிய அசனா மாமி பாதியில் விட்டுவிட்டு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

வரிசையில் வந்து முகம் பார்த்தார்கள். மூதூரில் இருந்து வந்த ஒரு பெண் உள்ளே வந்து ஷிஃபானாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முன்பின் பார்த்த முகமில்லை.

“மழை இருட்டு. எஞ்சின் நிண்டுபோச்சாம், கரை எது எண்டு தெரியல்லையாம். வெள்ளையா அது மட்டும் தெரிஞ்சதாம். அதப் பார்த்துத்தான் என்ட மகன் துடுப்புப் போட்டு வந்தவன். உங்கட வாப்பாட்டச் சொல்லணும் சொல்லணும் எண்டு இருந்தன், மகள்.”

ஷிஃபானா அந்த முனைக்கு ஒருநாளும் போனதில்லை. கையை விடுவிக்காமல் நின்றாள்.

ஜனாஸாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். இராசதுரை தொப்பிக்குப் பதில் தலையில் கைலேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார், தோள் கொடுக்கக் கேட்கலாமா என்று தெரியாமல். முன்கால் பிடித்திருந்த அஸாம் அவரைக் கண்டு, தன் தோளை விலக்கி இடம் கொடுத்தான். சந்தூக்கைச் சுமந்தார்கள் என்று சொல்லமுடியாது. கைகளுக்கு மேலே அது தானாகப் போனது. ஒரு தோளில் சரியாகத் தங்குவதற்குள் அடுத்த தோள் கேட்டது.

பெண்கள் வீட்டோடு நின்றார்கள். ஷிஃபானா கேற்றடிவரை வந்தாள். கடைசி ஆளும் போனபிறகு சாத்திவிட்டு உள்ளே போகலாம் என்று கொண்டியில் கை வைத்தபடி நின்றாள். சந்தூக்கு திரும்பி மறைந்தது. பின்னால் போகிறவர்கள் குறையவில்லை. அஸாம் அங்கிருந்து போன் எடுத்து, பள்ளிக்குள் ஆட்கள் கொள்ளவில்லை, பாதையில் பாய் விரிக்கிறார்கள் என்றான்.

அப்போதும் இறங்குதுறைப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தார்கள், நனைந்த சாரத்தோடு, மூச்சு வாங்க. ஊர் தெரியாத ஆட்கள். சந்தியில் தடுமாறி நின்று நாலுபுறமும் பார்ப்பார்கள். கேற்றடியில் நிற்கும் அவளைக் காண்பார்கள். அவள் கையை உயர்த்திப் பள்ளிப் பக்கம் காட்டுவாள். சாரத்தை மடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடுவார்கள்.

துறைமுகத்தில் இன்னுமொரு எஞ்சின் ஓய்ந்தது. ஷிஃபானா கையை இறக்கவில்லை.