பாப்பாவுக்குத் துணை

“என் பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில கொடு.”

கேட்கவே கூடாது என்று அம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியதை, ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு டீச்சர் கேட்டேவிட்டாள். கேட்கப்பட்டவள் மூன்று கம்பளிகளுக்கு அடியில் கிடந்தாள். வெளியே தெரிந்ததெல்லாம் ஒரு மூக்கு நுனியும், போனைப் பிடித்திருந்த நாலு விரலும்தான்.

“எதுக்குடி இப்போ?” என்றது கம்பளி.

“ஏழு மணிக்கு ஜீப். மேல போறேன்.”

“இந்தக் குளிர்லயா? நாய்கூட வெளிய வராது.”

“நாய்க்கு பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க. எனக்குக் கேப்பாங்க. கொடு.”

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. டீச்சரின் அப்பா இருபத்திரண்டு வருடமாகப் பாப்பா வீட்டுக் கார் ஓட்டுகிறார். பாப்பா என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தொட்டிலில் வைத்த செல்லப்பெயர். இருபத்தாறு வயதாகியும் அது உதிரவில்லை. டீச்சர் வீட்டிலும் அவள் பாப்பாதான். பாப்பாவின் அப்பா இரண்டு பாஸ்போர்ட்டுக்கும் தன் கம்பெனி பெயர் பொறித்த ஒரே மாதிரி சிவப்பு உறை போட்டு, இரண்டையும் ஒரே பையில் வைத்து மகள் கழுத்தில் மாட்டிவிட்டார். “ஒரே இடத்துல இருந்தா தொலையாது” என்றார். டீச்சரின் அம்மா மகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். “அவங்க பத்திரமா வச்சிருக்கறதைத் திருப்பிக் கேட்டுடாத. நம்பலையான்னு நெனச்சிடுவாங்க. அப்பாவுக்குத்தான் சங்கடம்.”

டீச்சர் கேட்கவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, நாடு விட்டு நாடு வந்து, நாலு நாள் கேட்கவில்லை.

இந்தப் பயணமே பாப்பாவின் யோசனை. “செத்தா பனியைப் பாத்துட்டுத்தான்டி சாகணும்” என்று மூன்று மாதம் நச்சரித்தாள். பனியில் போட்டோ எடுக்கவென்று மஞ்சளில் ஒரு கோட்டு, சிவப்பில் ஒரு கோட்டு வாங்கினாள். வந்திறங்கிய அன்று வண்டிக் கதவைத் திறந்தாள், காற்று மூக்கில் அறைந்தது, நேரே மாடியேறிக் கட்டிலில் விழுந்தாள். அதன்பிறகு குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டியதுதான். உலகத்திலேயே உயரமான மலைகளின் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியே எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். அதன்மேல் கொஞ்சம் பனி கிடந்தது. “அதான் தெரியுதே, பாத்தாச்சுல்ல” என்றாள் பாப்பா.

ரூமில் ஹீட்டரையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போகும். ஹீட்டரை நிறுத்தப் பாப்பா விடமாட்டாள். ஆகவே வெந்நீர் கீழே சமையலறையிலிருந்து வரவேண்டும். பாப்பாவின் காலடியில் வைக்கும் வெந்நீர்ப் பைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், டீக்கு நடுநடுவே. கட்டிலை விட்டு இறங்கினால் ஜுரம் வரும் என்று பாப்பா நம்பினாள். அதனால் படி ஏறி இறங்கியவள் டீச்சர். விடுதிக்காரம்மாவே நேற்று அரைகுறை இந்தியிலும் கைஜாடையிலும் கேட்டாள்: மேலே இருப்பது நோயாளியா, நீ நர்ஸா?

டீச்சருக்கு நாலு நாளாகச் சுருக்கென்று தைத்துக்கொண்டிருந்ததைத்தான் அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

டீச்சர் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டரை மணி நேரம் ஜீப்பில் ஏறினால் ஒரு பனியாறு. ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று வருடமாகக் கரும்பலகையில் பனியாறு வரைந்து, யு வடிவப் பள்ளத்தாக்கு வரைந்து, அம்புக்குறி போட்டுப் பாடம் நடத்துகிறவள் அவள். போன வருடம் கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, “மிஸ், நீங்க பாத்திருக்கீங்களா?” என்றாள். “ஃபிரிட்ஜ்ல ஐஸ் டிரேயைத்தான் பாத்திருக்கேன்” என்றாள் டீச்சர். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். ஆனால், பெயரெழுதத் தெரியாத வீட்டில் பிறந்து பட்டம் வாங்கியவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: இத்தனை பாடுபட்டு மனப்பாடம் செய்தது உண்மைதானா என்று ஒருதடவையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாம் நாளே கிளம்பினாள். அவள் கேட்காமலே, பாப்பா கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டிச் சிவப்பு உறை ஒன்றைக் கொடுத்தாள். பாதிவழியில் சோதனைச்சாவடி. அங்கே இருந்தவர் பாஸ்போர்ட்டைத் திறந்தார், போட்டோவைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், பிறகு புத்தகத்தை அவள் பக்கமாகவே திருப்பிக் காட்டினார். உள்ளே ஸ்டூடியோ வெளிச்சத்தில் பாப்பா பளிச்சென்று இருந்தாள். ஜீப்பில் இருந்த பத்துப் பேரும் வேடிக்கை பார்க்க, இறங்கிக்கொண்டாள். கீழே போகும் வண்டிக்காக ஒரு டீக்கடையில் இரண்டு மணி நேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு மணி நேரமும் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். வாங்கியதும் திறந்து பார்க்கக்கூடத் துப்பில்லாத நீயெல்லாம் ஒரு டீச்சர்.

நாலாம் நாள் பாதை மூடியிருந்தது. இன்று திறந்திருக்கிறது. நாளை சாயங்காலம் விமானம்.

“கொடுக்கப்போறியா, நானே எடுத்துக்கவா?”

பாப்பா கம்பளியை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். பாஸ்போர்ட்டை எடுக்கவில்லை, வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். “அம்மா, இவ என்னை விட்டுட்டுப் போறாளாம்மா.”

திரையில் பாப்பாவின் அம்மா வந்தார். டீச்சரின் அம்மாவுக்கு அவர் ‘அம்மா’. கல்லூரிக்குப் போனதிலிருந்து டீச்சருக்கு ‘ஆன்ட்டி’.

“என்னம்மா இது? உன்னை நம்பித்தானே பாப்பாவை அனுப்பினோம்?”

“அவளுக்கும் இருபத்தாறு வயசு ஆன்ட்டி. எனக்கும் இருபத்தாறுதான்.”

“துணைக்குன்னுதானே உன்னை அனுப்பினது?”

“என்னை யாரும் அனுப்பல. ஸ்கூல்ல லீவு போட்டு, என் சம்பளத்துல டிக்கெட் எடுத்து வந்திருக்கேன்.”

“வாய் ரொம்ப நீளுது. உங்கப்பாகிட்ட பேசிக்கறேன்.”

“பேசுங்க. வாசல்ல வண்டி துடைச்சிட்டிருப்பாரு. ஜன்னலைத் திறந்தா தெரிவாரு.”

அப்பா இன்று தலைகுனிந்து நிற்பார். ‘சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா’ என்பார். அதை நினைத்தால் ஆத்திரம் இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை. பாப்பா போனை அவசரமாக அணைத்தாள்.

“எங்கம்மாகிட்ட இப்படியாடி பேசுவ?”

“நீ எதுக்கு அவங்களைக் கூப்பிட்ட?”

“வேற என்ன செய்யறது? நீ போனா சாயங்காலம் வரைக்கும் நான் ஒத்தையில என்ன பண்ணுவேன்? அன்னிக்கும் இதே அடம். அதனாலதானே மாத்திக் கொடுத்தேன்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்குத் தான் கெட்டது தெரிய ஒரு நிமிடம் பிடித்தது. பாப்பாவின் கை மெல்ல வாய்க்குப் போனது.

“தெரிஞ்சேவா கொடுத்த?” என்றாள் டீச்சர்.

“விளையாட்டுக்குத்தான்டி. சாவடிக்குப் போறதுக்கு முன்னாடியே திறந்து பாத்துட்டுத் திரும்பி வந்துடுவன்னு நெனச்சேன்.”

“சாரி, தூக்கக் கலக்கம்னு சொன்னியே.”

“பின்ன உண்மையைச் சொல்லி உங்கிட்ட திட்டு வாங்கவா?” பாப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “தெரியாத ஊருடி. நீ இல்லாம எனக்குப் பயமா இருக்கு.”

அது பொய்யில்லை. டீச்சர் டைபாய்டில் கிடந்தபோது, மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் இதே பாப்பாதான். கெட்டவளாக இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் உதறியிருக்கலாம். நல்லவள், பயந்தவள், தான் கூப்பிட்டால் உலகம் வெந்நீரோடு படியேறி வரும் என்று பிறந்ததிலிருந்து நம்புகிறவள். இவளோடு எப்படிச் சண்டை போடுவது என்றுகூடத் தெரியவில்லை.

டீச்சர் பாப்பாவின் தலையணைக்கடியில் கைவிட்டு அந்தக் கழுத்துப் பையை உருவினாள். இரண்டு பாஸ்போர்ட்டையும் திறந்து முகம் பார்த்தாள். தன்னுடையதை எடுத்துக் கோட்டின் உள்பாக்கெட்டில் போட்டுப் பொத்தானையும் போட்டாள். பிறகு கதவோரம் போய்த் தன் தோள்பையைத் தூக்கினாள். அதை ஐந்து மணிக்கே கட்டி வைத்திருந்தாள்.

“பையெல்லாம் எதுக்கு?” பாப்பாவின் குரல் மாறியது. “சாயங்காலம் வந்துடுவல்ல?”

“மேல தங்க இடம் இருக்காம். நாளைக்கு அங்கருந்தே ஏர்போர்ட்டுக்கு வண்டி போகுது. நான் அதுல வந்துடுவேன்.”

“அப்போ நான்?”

“உனக்கு நாளைக்கு ஒரு மணிக்கு விடுதிக்காரம்மா கார் சொல்லியிருக்காங்க. நீ எழுந்து வர்ற வரைக்கும் டிரைவர் கீழ நிப்பாரு. உனக்குப் பழக்கந்தானே.”

“சீட்டாவது பக்கத்துப் பக்கத்துலதானே?”

“மாத்தச் சொல்லிட்டேன்.”

“அவ்வளவு கோவமா?”

“கோவம் நேத்து வரைக்கும் இருந்துச்சு” என்றாள் டீச்சர். கதவைத் திறந்தாள். தாழ்வாரத்துக் குளிர் ரூமுக்குள் பாய்ந்தது. பாப்பா கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, “கதவைச் சாத்துடி, குளிருது” என்றாள்.

சாத்தினாள், வெளியே நின்று. படிகளில் பனி இறுகி வழுக்கியது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். தெருவில் ஜீப் புகைவிட்டபடி நின்றிருந்தது. ஓட்டுநர் கையை நீட்ட, அவரிடம் பையைக் கொடுக்காமல், தானே தூக்கி மேலே போட்டாள்.