இலையின் இடப்பக்கம்

2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. செந்துறையில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் குன்னத்துச் செல்லமுத்து தம் இலையில் பாதியைத் தொடாமல் எழுந்தார். அதற்காக அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். பதினொரு நாள் கழித்துப் பொய்யர் என்றும் சொன்னார்கள். இரண்டும் அபாண்டம். அவ்வாறு சொன்னவர்களுள் ஒருவர்கூட, அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

செல்லமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுபவர். ஒரே மகள் மணிமொழி. அவளும் செந்துறை அம்சவள்ளியின் மகன் அறிவரசனும் பெரம்பலூரில் ஒரே கல்லூரியில் படித்து, ஒருவரை ஒருவர் விரும்பி, இரு வீட்டாரையும் இணங்க வைப்பதற்குள் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. எஞ்சியிருந்தது கை நனைப்பது மட்டும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் முதன்முதலாக உண்பதற்கு அப்பக்கத்தில் அதுதான் பெயர். கை நனைத்துவிட்டால் உறவு உறுதி.

அதற்கு ஆறு நாள் முன்னர், வெங்காயத்தைக் காற்றாடச் சேமித்து வைக்கும் பட்டறைக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்தபோது செல்லமுத்துவுக்குத் தலை கிறுகிறுத்தது. நிழலில் அமர்ந்தார். ஒரு சோடா குடித்தார். வலி இல்லை. மக்காச்சோளத் தோகைகள் எங்கோ தொலைவில் சலசலப்பதுபோலக் கேட்டது. கண் மூடித் திறந்து எழுந்தபோது, உலகம் ஒரு பக்கமாக ஒடுங்கியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. கிழிசல் எதுவும் இல்லை. இருள் எதுவும் இல்லை. இருந்த மட்டுமே முழு உலகம் என்று தோன்றியது. கனவு காண்பவன், இந்தத் தெருவுக்கு மறுபக்கம் எங்கே என்று கேட்பதில்லை அல்லவா? அவரும் கேட்கவில்லை.

அன்று முதல் மனிதர்கள் திடீர் திடீரென்று தோன்றினார்கள். காற்றிலிருந்து ஒரு கை வந்து காப்பி கொடுத்தது. வாசல் நிலைகள் நகர்ந்து வந்து அவருடைய தோளில் இடித்தன. பேச்சுக்குரல்கள் ஆளில்லாமல் மிதந்து வந்தன. அவை அவருக்கு அச்சம் தரவில்லை. உறக்கத்திற்குச் சற்று முன்னர் வரும் இதமான மயக்கம்போல இருந்தன.

செந்துறைக்குப் புறப்பட்ட காலையில் அவர் முகம் மழித்துக்கொண்டு வந்து நின்றார். மனைவி கலியம்மாள் பார்த்தாள், சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏங்க, அந்தப் பக்கத்து மீசையையும் தாடியையும் யாருக்கு வச்சிருக்கீங்க? வித்துட்டு வரப் போறீங்களா?"

"எந்தப் பக்கம்? நல்லாத்தானே வழிச்சிருக்கேன்."

"நல்லா வழிச்சீங்க. பொண்ணக் குடுக்கப் போற ஏக்கத்துல மனுசனுக்குப் புத்தி எங்கயோ போயிடுச்சு. உக்காருங்க."

இடக்கன்னத்தை அவளே மழித்துவிட்டாள். இடக்காலில் செருப்பு இல்லை என்பதை வேனில் ஏறும்போது மணிமொழி கண்டுபிடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். செல்லமுத்துவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இன்றும் மன்னிக்க முடியவில்லை என்று கலியம்மாள் தன்னையே நொந்துகொள்கிறாள்.

அறிவரசனுக்குத் தந்தை இல்லை. ஆகவே அந்த வீட்டில் தாய்மாமன் இளையபெருமாள்தான் எல்லாம். உரத்த குரல், வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இராது, மரியாதையில் ஒரு குறையும் பொறுக்கமாட்டார். பந்தியில் செல்லமுத்துவுக்கு இடப்புறம் அவர் அமர்ந்தார். அக்கா அம்சவள்ளி சுட்ட அதிரசத்தை இளையபெருமாள் தட்டிலிருந்து எடுத்து, முறைப்படி செல்லமுத்துவின் இலையில் இடப்பக்க நுனியில் தாமே வைத்தார்.

"சாப்பிடுங்க சம்பந்தி. எங்க அக்கா கைப்பக்குவம்."

குரல் கேட்டது, முகம் இல்லை. செல்லமுத்து தம் வலப்புறம் திரும்பி, அங்கிருந்த தூணைப் பார்த்து, "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்று பணிவுடன் தலையசைத்தார். பந்தியில் இருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இளையபெருமாள் சிரிக்கவில்லை.

செல்லமுத்துவுக்கு அன்றைய சாப்பாடு மிகப் பிடித்திருந்தது. வெள்ளைச் சோறு, சாம்பார், ஓர் அப்பளம், அவ்வளவுதான். எளிமையான வீடு, மகள் நன்றாக இருப்பாள் என்று நினைத்தார். கூட்டும் பொரியலும் வடையும் அதிரசமும் ஒரு சாண் தொலைவில் ஆறிக்கொண்டிருந்தன. நிறைந்த மனத்துடன் இலையைத் தம் பக்கமாக மடித்து எழுந்தார். மடிப்பிலிருந்து, கடிபடாத அதிரசம் உருண்டு வெளியே வந்தது.

"தாய்மாமன் வச்ச இனிப்ப எச்சி எலையில சுருட்டிட்டுப் போறாரு" என்று யாரோ சொன்னார்கள்.

மறுநாளே தொலைபேசி வந்தது. இளையபெருமாள் சுற்றி வளைக்கவில்லை. "புடிக்கலன்னா வாய்தொறந்து சொல்லியிருக்கலாம். பந்தியில வச்சு அவமானப்படுத்தணுமா? இந்தப் பேச்சு இதோட நின்னுச்சு."

செல்லமுத்து திகைத்தார். "என் எலையில அதிரசமே வைக்கலீங்க" என்றார். "வச்சிருந்தா திங்கமாட்டேனா? எனக்கு உசுராச்சே."

இந்த ஒரு பதில் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. உண்ணாதது அவமதிப்பு, வைக்கவே இல்லை என்பது பொய். இளையபெருமாள் சொல்லி அனுப்பினார்: "திருமழபாடிக்கு வரட்டும். வைத்தியநாதர் சந்நிதியில கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். நானும் பண்ணுறேன்." நோய் தீர்க்கும் இறைவன் என்று பெயர் கொண்டவரிடம், நோயாளி ஒருவரை அவர்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கொண்டுபோனார்கள். வழியில் எத்தனை மருத்துவமனைகளைக் கடந்திருப்பார்கள்!

செப்டம்பர் 19, வியாழக்கிழமை. வேனைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கொள்ளிடக் கரையோரமாகக் கோயிலுக்கு நடந்தார்கள். ஆறு இடப்புறம் ஓடியது.

"தண்ணி எவ்வளவு போவுது பாருங்க" என்றாள் கலியம்மாள்.

"எங்க?" என்றார் செல்லமுத்து. அவருக்கு வலப்புறம் வாழைத் தோட்டம் மட்டும் நீண்டு கிடந்தது. ஈரக் காற்று எங்கிருந்தோ வந்து முகத்தில் பட்டது. எதற்கும் இடம் சொல்ல முடியாத அந்த மயக்கத்தில் அவர் நடந்தார்.

சந்நிதியில் இளையபெருமாள் சுடரை அணைத்து, "நான் வச்சேன்" என்றார். செல்லமுத்து அடுத்த சுடரை அணைத்து, "என் எலையில இல்ல" என்றார். ஒரே இறைவன்முன் இரண்டு சத்தியங்கள், இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும் என்று நினைக்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

"சாமி முன்னாடியே பொய்யா?" என்று சொல்லிவிட்டு இளையபெருமாள் விறுவிறுவென்று போய்விட்டார். அறிவரசன் மணிமொழியை ஒருமுறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மாமனைப் பின்தொடர்ந்தான். அவள் அழவில்லை. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். பாதி தொலைவில் செல்லமுத்து சட்டென்று நின்றார்.

வலப்புறம் கொள்ளிடம். கரையை உரசிக்கொண்டு, செந்நிறமாக, வெயிலைத் துண்டு துண்டாக ஏந்திக்கொண்டு, ஒலியே இல்லாததுபோல அகன்று போய்க்கொண்டிருந்தது. அவர் சிறுவனைப்போல வாய் திறந்து பார்த்தார்.

"அட! இந்த ஆறு எப்ப வந்துச்சு? போறப்ப இங்க இல்லையே!"

கலியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இருக்கிற வேதனையில வெளையாட்டு வேறயா?"

மணிமொழி மட்டும் அதை விளையாட்டு என்று நினைக்கவில்லை. அவள் தந்தையின் இரு தோள்களையும் பிடித்து, கோயிலை நோக்கித் திருப்பி நிறுத்தினாள். ஆறு இடப்புறம் ஆயிற்று.

"இப்ப ஆறு எங்கப்பா?"

அவர் தேடினார். மெய்யாகவே தேடினார். "போயிடுச்சும்மா" என்றார், வருத்தத்துடன்.

மறுபடியும் திருப்பினாள். "இப்ப?"

"வந்துடுச்சு."

அவரை மூன்று முறை திருப்பினாள். மூன்று முறையும் ஆறு போனது, வந்தது. நான்காம் முறை திருப்பாமல் நின்றாள். பாதி மழித்த முகம், ஒற்றைச் செருப்பு, தூணுக்குச் சொன்ன மரியாதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுடைய நினைவில் வந்து நின்றன.

அன்று மாலையே பெரம்பலூரில் மருத்துவர் அம்பிகா அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். செல்லமுத்து வட்டத்தை ஒழுங்காகவே போட்டார். பிறகு பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கத்திலேயே, ஒரே பஸ்ஸில் ஏற முண்டியடிக்கும் கூட்டம்போல நெருக்கி எழுதிவிட்டு, "சரிங்களா?" என்றார். ஸ்கேன் எடுத்தார்கள்.

"அவரு பொய் சொல்லலம்மா" என்றார் மருத்துவர். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளையோட வலப்பக்கத்துல ஒரு ரத்தக்குழா அடைச்சிருக்கு. இடப்பக்கத்த கவனிக்கிற வேல அந்த எடத்துக்குத்தான். அது நின்னுபோச்சு. இல்லன்னு தெரிஞ்சாத்தானே தேடுவாரு? இவருக்கு இல்லங்கறதே தெரியாது. தலை சுத்தின அன்னைக்கே ஏன் கூட்டிட்டு வரல?"

மணிமொழி விரல்விட்டு எண்ணினாள். பதினேழு நாட்கள். சோடா குடித்த நாள், சிரித்த நாள், பழி கேட்ட நாட்கள், சத்தியம் செய்த நாள். இனி வரக்கூடிய அடைப்பைத் தடுக்க மாத்திரை தந்தார்கள். போன பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நினைவூட்டப் பயிற்சி தந்தார்கள். முழுவதும் திரும்புமா என்று சொல்ல இயலாது என்றார்கள்.

செய்தி செந்துறைக்குப் போயிற்று. இளையபெருமாள் நம்பவில்லை. "அகப்பட்டுக்கிட்டதும் ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கிட்டாங்க" என்றார். "பாதி கண்ணு தெரியாதாம், ஆனா அப்பளம் மட்டும் தெரியுமாம்!"

மணிமொழி அம்சவள்ளிக்குப் பேசினாள். "அத்த, எனக்காக இன்னும் ஒரே ஒரு தடவ எலை போடுங்க. அப்பறமும் வேணாம்னா நான் கேக்கமாட்டேன்."

"அப்பாவக் கூட்டிட்டு வா" என்றாள் அம்சவள்ளி.

ஐப்பசி முதல் ஞாயிறு. அதே கூடம், அதே தூண். இளையபெருமாள் வேண்டுமென்றே அதே இடத்தில், செல்லமுத்துவுக்கு இடப்புறம் அமர்ந்தார். அதே நுனியில் அதிரசத்தை வைத்தார். செல்லமுத்து உண்டார். சோறு குறைந்தது, அப்பளம் நொறுங்கியது. இடப்பாதி, கோலம்போலக் கலையாமல் இருந்தது. வெயில் சன்னல் வழியாக வந்து, உண்ணாத பாதியின்மீது மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"பாத்துக்கங்க" என்றார் இளையபெருமாள்.

மணிமொழி எழுந்து வந்தாள். தந்தைக்கு எதிரே மண்டியிட்டாள். இரு கைகளாலும் இலையைப் பிடித்து, ஒரு பருக்கை சிந்தாமல், அதை அப்படியே சுற்றி வைத்தாள். நுனி வலப்பக்கம் போயிற்று.

"ஐயோ, என்ன பண்ணுற நீ?" என்று கலியம்மாள் பதறினாள். இலை நுனி வலப்பக்கம் இருப்பது ஆகாது என்பார்கள்; நல்ல காரியத்துக்கு வந்த வீட்டில் யாரும் செய்யாத செயல் அது. அறிவரசனே பாதி எழுந்துவிட்டான்.

செல்லமுத்து இலையைப் பார்த்தார். ஒரு கணம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெறும் பச்சையில் கூட்டு முளைத்திருந்தது, பொரியல் முளைத்திருந்தது, வடை. அவருடைய முகம், பனி விலகும் வயல்போல மெல்லத் தெளிந்தது.

"அட, அதிரசம்! இவ்வளவையும் எப்ப வச்சீங்க?"

எடுத்துக் கடித்தார். கண்ணை மூடி மென்றார். விரலில் ஒட்டிய பாகைச் சப்பினார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் அவ்வளவு மகிழ்ச்சியைப் பொய்யாகக் காட்ட முடியாது. அதைக் காண எந்தச் சீட்டும் தேவைப்படவில்லை. அம்சவள்ளி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இளையபெருமாள் எழுந்தார். சுருக்கம் இல்லாத வேட்டியைப் பொருட்படுத்தாமல், தூணுக்கும் செல்லமுத்துவுக்கும் இடையில், வலப்புறம், வெறுந்தரையில் வந்து அமர்ந்தார்.

செல்லமுத்து அவரைக் கண்டார். முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி, வாங்க! ஒங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன். எப்ப வந்தீங்க?"

அரை மணி நேரமாக அவருடைய தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்த இளையபெருமாள், வைத்தியநாதர்முன் பொய் சொன்னதாக ஒரு மனிதரைப் பழித்த அதே வாயால் சொன்னார்:

"இப்பத்தாண்ணே வந்தேன். இப்பத்தான்."

தையில் திருமணம் நடந்தது. அந்தப் பந்தியில் செல்லமுத்துவின் இலையை யார் திருப்பி வைப்பது என்று சம்பந்திகளுக்குள் போட்டி. நடந்த அநியாயத்துக்கு அது ஈடாகாது. ஆகவே, இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் கேட்கிறேன்; கேட்கவில்லை, கட்டளையிடுகிறேன். நாளை உங்கள் வீட்டில் ஒருவர் பாதி இலையோடு எழுந்தால், பாதி முகத்தோடு நின்றால், தூணுக்கு வணக்கம் சொன்னால், சிரிக்காதீர்கள், சினக்காதீர்கள், சத்தியம் கேட்காதீர்கள். அன்றைக்கே, அந்த நாழிகையிலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும், யார் என்ன சொன்னாலும், அவருடைய இலையைத் திருப்பி வையுங்கள்.