நட்டத்தில் ஓடிய ஊர்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அப்புசாமி பல்லோடு நிற்கமாட்டார், வாலையும் தூக்கிப் பார்ப்பார். அப்படிப்பட்டவரிடம், ஒருவர் கோயமுத்தூரிலிருந்து வேலை மெனக்கெட்டு பஸ் ஏறி வந்து, பைசா வாங்காமல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழில் தொடங்கக் கற்றுத் தருகிறார் என்று சொன்னால் நம்புவாரா?

வந்தவர் பெயர் சுந்தரராஜுலு. பம்ப்செட் கம்பெனி நடத்தி, அதை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்தவர் என்று தலைமையாசிரியர் சொன்னார். பல்லடத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த மேல்நிலைப் பள்ளியில் வெள்ளிக்கிழமை தோறும் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். எல்லாரும் வேலை தேடிப் போனால் வேலை கொடுப்பது யார் என்பது அவருடைய பாடம். அதுவரைக்கும் ஊருக்கு ஆட்சேபணை இல்லை. அப்புறம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். அவரவர் வீட்டுத் தொழிலை அப்பாவிடம் கேட்டறிந்து, பெற்றோர் முன்னால் மேடையேறிச் சொல்ல வேண்டும். சரக்கு எங்கே வாங்குகிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், மிஞ்சுவது என்ன.

மிஞ்சுவது என்ன என்று கேட்க சேல்ஸ் டேக்ஸ்காரனைத் தவிர உலகத்தில் யாருக்கு அக்கறை இருக்கிறது? அப்புசாமியின் குடோனில் கணக்கில் காட்டாத விசைத்தறிகள் சில ஓடிக்கொண்டிருந்தன.

"பெரியவங்க கிட்டக் கேட்டா பொய் சொல்லுவோம்னு, புள்ளைங்க வாயைக் கிண்டறாங்க," என்றார் நூல் வியாபாரி மைதீன் பிச்சை, டீக்கடையில் வைத்து. "ஏனுங்க, அந்தாளு தோல்பை ஒண்ணு வெச்சிருக்காருல்ல, அதைத் தொறந்து நீங்க யாராச்சும் பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. அதுவே போதுமான சாட்சியாக இருந்தது.

அந்தச் சீமையில் தொழில் நன்றாக நடக்கிறது என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புதுக் காரிலிருந்து இறங்குகிறவரைக் கேட்டாலும், "என்னத்தைங்க, பொழப்பு நாறிக் கெடக்குது" என்பார். கேட்கிறவரும் அதைக் கழித்துக்கொண்டு புரிந்துகொள்வார். கண்ணேறுக்கும் வரிக்கும் சேர்த்து ஒரே மருந்து.

அந்த வகுப்பில் படித்த மோகனப்பிரியா அப்புசாமிக்கு ஒரே பிள்ளை. பொட்டப்புள்ளைக்கு எதற்குத் தறி, விற்று நகை செய்து போட்டு அனுப்பு என்று பங்காளிகள் ஓதிக்கொண்டே இருந்தார்கள். அவருக்கோ அவள்தான் இந்தக் குடோனை நடத்த வேண்டும் என்று உயிர் போகிற ஆசை. நோம்பி பண்டிகைக்கு வேட்டி எடுக்காமல் தறி வாங்கிப் போட்டதெல்லாம் அவளை நினைத்துத்தான். வெளியே சொன்னால் பலிக்காது என்று அவளிடம்கூட அதைச் சொன்னதில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவள் குடோனுக்கே வந்து நின்றாள்.

"அப்பா, நாம நெய்யற காடாத்துணியை எதுக்குங்க நடுவுல ஒருத்தருக்குக் குடுக்கறோம்? வாங்கறவங்களுக்கு நாமளே நேரா குடுக்க முடியாதுங்களா?"

அப்புசாமிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவரே கேட்டதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு அந்தத் தோல்பை ஞாபகம் வந்தது.

"இதெல்லாம் ஒரு தொழிலா அம்மணி? நெய்யற துணி அத்தனையும் நட்டம். பல்லைக் கடிச்சுட்டு ஓட்டீட்டிருக்கறேன். அப்படியே போய்ச் சொல்லு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

கூட்டத்தன்று சுந்தரராஜுலு முதல் காரியமாகத் தோல்பையைத் திறந்தார். அப்பன்மார் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது மிட்டாய். அப்புசாமி அதையும் நம்பவில்லை. மிட்டாய் கொடுத்துத்தானே பிள்ளைகளின் வாயைத் திறப்பார்கள்?

முதலில் கிருபாசங்கர் வந்தான். அவன் வீட்டுக் கோழிப்பண்ணை நட்டம். சாமுவேல் வீட்டுத் தையல் கடையும் நட்டம். நிதீஷின் அப்பா புது மாருதி வேனைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய அரிசி மில் படுநட்டம். சொல்லி வைத்த மாதிரி ஊரே நட்டத்தில் ஓடியது. ஊர் ஒற்றுமையை நினைத்து அப்புசாமிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மோகனப்பிரியா மற்றவர்களைப் போல ஒப்பிக்கவில்லை.

"எங்க தறிக்குடோனை நாந்தான் நடத்தோணும்னு சின்ன வயசுலிருந்தே ஆசைங்க. அப்பாகிட்டக் கேட்டப்பறந்தான் தெரிஞ்சுதுங்க, அவரு எனக்காக நட்டத்தைத் தாங்கிட்டு ஓட்டறாருன்னு. இனி அவரு கஷ்டப்பட வேண்டாங்க. நான் டீச்சர் ட்ரெயினிங் படிச்சு வேலைக்குப் போறனுங்க. அப்பா தறியை வித்துப்போடட்டுங்க."

அப்புசாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நட்டம் என்றால் கழித்துக் கேட்க வேண்டும் என்ற, ஊரார் எல்லாருக்கும் தெரிந்த கணக்கை இவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெண்பிள்ளையிடம் யார் தொழில் பேசினார்கள், அவளுக்குத் தெரிவதற்கு?

சொந்தத் தொழில் செய்யப்போகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் சுந்தரராஜுலு. ஒரு கையும் எழவில்லை. அவர் தோல்பையை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்தபோது அவர் அப்புசாமியிடம் வந்து கும்பிட்டார். பக்கத்தில் மோகனப்பிரியா நின்றாள்.

"இந்த வகுப்புலயே கேள்வி கேக்கத் தெரிஞ்ச புள்ளை உங்க பொண்ணுதானுங்க. துணி விக்க நடுவுல ஆள் எதுக்குன்னு என்கிட்டயும் கேட்டாளுங்க. நேரா விக்கற வழியை இவளுக்குச் சொல்லிக் குடுத்து, கூடவே நின்னு பழக்கலாம்னு இருந்தேன். ஆனா நட்டத் தொழில்ல ஒரு புள்ளையைத் தள்ளிவிட எனக்கு மனசு வர்லீங்க."

மோகனப்பிரியா சட்டென்று அப்பாவைப் பார்த்தாள். "அந்தளவுக்கா நட்டம், அப்பா? துளிகூட மிஞ்சறதில்லீங்களா?"

இல்லை கண்ணு, எல்லாம் உனக்குத்தான், நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் சுந்தரராஜுலு எதிரே நின்றார். நல்லவராகத்தான் தெரிந்தார். நல்லவர் மாதிரித் தெரியாதவனை எந்தச் சர்க்கார் உளவுக்கு அனுப்பும்? சுற்றிலும் மற்ற அப்பன்மார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆமா கண்ணு," என்றார் அப்புசாமி. "ஒண்ணுமே மிஞ்சறதில்லை."

"உடுங்கப்பா, தறி போனாப் போகுது. நான் சம்பாரிச்சு உங்களைப் பாத்துக்கறனுங்க," என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.