எட்டாம் நம்பர் ஊர்

கல்முனையில் செங்கல்லால் கட்டிய சப்பாத்துத் தொழிற்சாலையில் அச்சுக்கட்டை ஒரே அளவில்தான் இருந்தது: எட்டு. மற்ற அளவுகள் கப்பலில் வருவதாகச் சொன்னார்கள், கப்பல் வரவில்லை. அந்தச் சப்பாத்தைப் போட்டுப் போட்டு ஊர்க் கால்கள் எல்லாம் எட்டாகிவிட்டன. முதல் மாதம் கொஞ்சம் நோகும், அவ்வளவுதான். எனக்கும் முன்பு பத்து. அங்கே குதிக்கு ஆணி அடித்தவன் நான். பொய் சொல்லி எனக்கென்ன வரப்போகிறது?

தொழிற்சாலை மூடி முப்பது வருடம். மூன்று மண்டபங்களும் புகைக்கூண்டும் அசையாமல் நின்றன. அங்கே முன்பு மேல்தோல் தைத்த முனவ்வறா, ஒரு மண்டபத்தில் பெண்களைச் சேர்த்துப் பை தைத்துக்கொண்டிருந்தாள். போன வருடம் கொழும்பிலிருந்து றுமைஸ் என்ற இஞ்சினியர் டோசரோடு வந்தார், எல்லாவற்றையும் இடிக்க.

"இத்தின மெசினையும் தூக்கிட்டு நாங்க எங்க போற மனே?" என்றாள் முனவ்வறா.

"ராத்தா, இங்க செஞ்ச சப்பாத்து ஒண்டு ஊருல ஆர்ர காலுலயாவது இரிக்கா? ஊரே மறந்த இடம் என்னத்துக்கு? காட்டுங்க, இடிக்காம விடுறன்."

"மறக்கல்ல. அலுமாரிக்குள்ள இரிக்கி."

"போடாமயா?"

"நல்லதப் போட்டுட்டுப் பள்ளிக்குப் போனா, வரக்குள்ள அது ஆள் மாறிப் போயிருமே. நாளைக்கு ஜும்ஆக்கு வாங்க, பாப்பம்."

அன்று மாலையே வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். மறுநாள் பள்ளிப் படிகளே தெரியவில்லை. கறுப்புச் சப்பாத்து வரிசை கடற்கரைவரை போனதால் தோணிகளைக் கொஞ்சம் தள்ளிவிட வேண்டியிருந்தது. என்னோடு ஆணி அடித்த பாண்டிருப்புச் செல்லத்தம்பி, தன் சோடியைப் போட்டு வந்து காவலுக்கு நின்றான்.

தொழுகை முடிந்ததும் யாரும் எதையும் தேடவில்லை. எல்லாம் கறுப்பு, எல்லாம் எட்டு. அகப்பட்டதில் காலை நுழைத்துக்கொண்டு போனார்கள். றுமைஸ் மட்டும் தன் மண்ணிறச் சோடியை அந்தக் குவியலுக்குள் கிண்டித் தேடிக்கொண்டிருந்தார்.

"கிடக்கிறதப் போடுங்க சேர்," என்றான் செல்லத்தம்பி.

"எனக்கு ஒன்பது."

"அதுக்கென்ன? நடங்க, அது சரியாக்கிரும்."

றுமைஸ் ஒரு கறுப்புச் சோடியைப் போட்டு, நாவிதன்வெளி வயல்களுக்குள்ளால் நடந்துவிட்டு அசறுத் தொழுகைக்குத் திரும்பினார். சப்பாத்தில் சேறு இல்லை, சேறுதான் வழிவிட்டதாம்.

"கழட்ட மனமில்ல ராத்தா," என்றார்.

"அப்ப டோசரக் கழட்டுங்க."

டோசர் போய்விட்டது. இப்போது மூன்று மண்டபங்களிலும் சப்பாத்து மெசின் ஓடுகிறது. புகைக்கூண்டு மறுபடி புகைகிறது. முதல் சோடி றுமைஸுக்குப் போனது, எட்டுத்தான்.

அவருடைய மண்ணிறச் சோடி இன்னும் பள்ளிப் படியில் கிடக்கிறது. வெளிநாட்டுத் தோல், புத்தம் புதிது. ஒருவரும் தொடவில்லை. ஒன்பதை வைத்து இந்த ஊரில் யார் என்ன செய்வது?